அதிமேற்றிராணியார் ஜான் ஹியூஸ்: பள்ளிக்கூடத்தில் வேதாகமம்



பள்ளிக்கூடத்தில் வேதாகமத்தைச் சொல்லிக்கொடுக்கலாமா? கொடுப்பதானால் எப்படிக் கொடுப்பது? மற்ற நல்ல நூல்களைப்போல அதையும் ஓர் இலக்கியமாகப் படிப்பிப்பதா, அல்லது சர்வேசுரனுடைய வார்த்தையாக, விசுவாசத்தின் ஊற்றாகப் படிப்பிப்பதா? இந்தக் கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததன்று. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதன் பொருட்டு நகரசபையில் இரண்டு நாள் வாதம் நடந்தது. தேர்தலின் போக்கு மாறிற்று. ஒரு நகரத்தில் கோவில்களே தீக்கிரையாயின. அந்தப் போராட்டத்தின் நடுவில் நின்றவர் நியூயார்க் நகரின் முதல் அதிமேற்றிராணியாராகிய ஜான் ஹியூஸ் ஆண்டகை. தோட்டக்காரராக வேலை செய்து, பிறகு குருவாகி, மேற்றிராணியாரான அவருடைய சரிதையை இவ்வாரம் சொல்லுகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கல்லறை வாசலில் ஒரு பிடி மண்

ஜான் ஹியூஸ் 1797-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, அர்ச். ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அயர்லாந்தின் வடபகுதியில் டைரோன் மாவட்டத்து அன்னலோகன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பாட்ரிக் குத்தகை நிலத்தை உழுது பிழைத்தவர். தாயார் மார்கரெட் பக்தியுள்ள பெண்மணி. ஏழு பிள்ளைகளில் ஜான் மூன்றாமவர்.

அக்காலத்தில் அயர்லாந்து இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர்மேல் விதிக்கப்பட்ட கொடிய சட்டங்களில் சில தளர்ந்திருந்தன. ஆயினும் பல இன்னும் நீங்கவில்லை. கத்தோலிக்கன் பாராளுமன்றத்தில் அமர முடியாது. ஹியூஸ் ஆண்டகை பிற்காலத்தில் இதைப்பற்றிப் பேசும்போது, தாம் பிறந்ததற்கும் ஞானஸ்நானம் பெற்றதற்கும் இடையிலிருந்த ஐந்து நாட்கள் மட்டுமே அரசரின் மற்றக் குடிகளோடு சரிசமமாக வாழ்ந்ததாகச் சொல்லுவார். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் அந்தச் சமத்துவம் போய்விட்டதாம்.

அவர் மறக்க முடியாத நிகழ்ச்சி இன்னொன்றும் உண்டு. தங்கை ஒருத்தி சிறு வயதில் மரித்தாள். கத்தோலிக்கக் குரு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாதென்பது அன்றைய சட்டம். குருவானவர் வாசலிலேயே நின்று, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மந்திரித்து, வீட்டாரிடம் கொடுத்தார். அவர்கள் அதைக் கொண்டுபோய்ச் சவப்பெட்டியின் மேல் தூவினார்கள். சர்க்கார் ஒருவனுடைய மனச்சாட்சிக்குள் கை நீட்டினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சிறுவன் ஜான் அன்றே கண்டுகொண்டான்.

தோட்டக்காரர்

வறுமை காரணமாகக் குடும்பத்தார் ஒவ்வொருவராக அமெரிக்கா சேர்ந்தார்கள். ஜான் 1817-ல், இருபது வயதில், கப்பல் ஏறினார். பென்சில்வேனியா மாநிலத்தில் சேம்பர்ஸ்பர்க் என்னும் ஊரில் தகப்பனார் குடியேறியிருந்தார். ஜான் கல் உடைத்தார், சாலை போட்டார், கூலிக்குக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஆனால் குருவாக வேண்டுமென்ற ஆசை சிறு வயது முதல் அவரை விடவில்லை.

மேரிலாந்து மாநிலத்தில் எம்மிட்ஸ்பர்க் என்னும் ஊரில் அர்ச். மரியம்மாள் மலைக் கல்லூரி என்று ஒரு குருமடமும் பள்ளியும் இருந்தன. அதன் அதிபர் சங். ஜான் துபுவா சுவாமியார் பிரெஞ்சுக் குரு. ஜான் அவரிடம் போய்க் கேட்டார். போதிய படிப்பும் இல்லை, பணமும் இல்லை; இடமில்லை என்று பதில் வந்தது. ஜான் ஊர் திரும்பவில்லை. தோட்ட வேலையாவது தாருங்கள் என்று கேட்டு அங்கேயே தங்கினார். 1819-ல் அவருக்கு மடத்தின் தோட்டத்தைப் பார்க்கும் பொறுப்பு கிடைத்தது. சம்பளத்துக்குப் பதில் சாப்பாடும், ஓய்வு நேரத்தில் பாடமும் என்பது ஏற்பாடு.

அந்த ஊரிலேயே கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கி நடத்திவந்தவர் எலிசபெத் சேட்டன் அம்மாள். 1975-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்ற அதே எலிசபெத் அம்மாள்தான். தோட்டக்கார வாலிபனிடம் அவர் தேவ அழைத்தலைக் கண்டார். துபுவா சுவாமியாரிடம் பரிந்து பேசினார். 1820-ல் ஜான் மாணவராகச் சேர்க்கப்பட்டார். 1826 அக்டோபர் 15-ந் தேதி பிலடெல்பியா நகரில் குருப்பட்டம் பெற்றார். பிலடெல்பியாவில் பன்னிரண்டு ஆண்டுக்காலம் குருவாக உழைத்தார். 1832-ல் அங்கே அர்ச். அருளப்பர் கோவிலைக் கட்டினார்.

தேவ பராமரிப்பின் வழிகள் அற்புதமானவை! தோட்டக்காரனுக்கு முதலில் இடம் மறுத்த துபுவா சுவாமியார் பிறகு நியூயார்க் மேற்றிராணியாரானார். முதுமையில் அவருக்குத் துணை தேவைப்பட்டபோது பாப்பரசர் 16-ம் கிரகோரியார் அனுப்பிய துணை மேற்றிராணியார் ஜான் ஹியூஸ்தான். 1838 ஜனவரி 7-ந் தேதி அபிஷேகம் நடந்தது.

நியூயார்க் பள்ளிகள்

அந்நாட்களில் நியூயார்க் நகரத்தின் இலவசப் பள்ளிகளைப் பொதுப் பள்ளிச் சங்கம் என்னும் தனியார் சங்கம் நடத்திவந்தது. 1805-ல் தொடங்கிய அச்சங்கத்தார் நல்ல நோக்கமுள்ள மனிதர். ஏழைப் பிள்ளைகள் தெருவில் அலையக்கூடாதென்று எண்ணி ஆயிரக்கணக்கானோருக்கு எழுத்தறிவித்தார்கள். அதை மறுப்பது நியாயமன்று. 1825 முதல் பள்ளிகளுக்குரிய பொதுப்பணம் சபைகள் நடத்திய பள்ளிகளுக்கு நிறுத்தப்பட்டதால், பணத்தில் மிகப் பெரும் பகுதி இச்சங்கத்துக்கே போயிற்று.

தங்கள் பள்ளிகளில் எந்தச் சபையின் போதனைக்கும் இடமில்லை, எல்லாருக்கும் பொதுவான பக்தியும் ஒழுக்கமும் மட்டுமே உண்டு என்று சங்கத்தார் சொன்னார்கள். வேதாகமம் தினந்தோறும் வாசிக்கப்பட்டது. உபாத்தியாயர் ஒரு விளக்கமும் சொல்லமாட்டார். வார்த்தையை அப்படியே வாசித்துவிட்டு மூடிவிடுவது வழக்கம். அதன் ஆங்கிலம் அழகானது, நீதிகள் உயர்ந்தவை, விளக்கம் சொல்லாதபோது யாருக்கு என்ன குறை என்று அவர்கள் கேட்டார்கள்.

கத்தோலிக்கருக்கு என்ன குறை? வாசிக்கப்பட்டது இங்கிலாந்து அரசர் ஜேம்ஸ் காலத்தில், 1611-ல், புரோட்டஸ்தாந்து சபையாருக்காக வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஹியூஸ் காலத்தில் அச்சான அதன் பிரதிகள் பெரும்பாலானவற்றில் தோபியாசு, யூதித், ஞானாகமம், சீராக், பாரூக், மக்கபேயர் இரண்டு ஆகமங்கள் ஆகிய ஏழும் இரா. பத்துக் கற்பனைகளை எண்ணும் முறை வேறு. பரலோக மந்திரத்தின் முடிவு வேறு. கத்தோலிக்கர் வைத்திருந்த டூவே மொழிபெயர்ப்பிலோ, கடினமான இடங்களுக்குத் திருச்சபை ஏற்ற அடிக்குறிப்புகள் உண்டு. அன்றியும், பாடப் புத்தகங்களில் நம் சபையைப்பற்றி இழிவான வரிகள் இருந்தன. ஒரு பாடத்தில் கத்தோலிக்கர் வஞ்சகர் என்றே எழுதியிருந்தது.

அயர்லாந்திலிருந்து வந்த ஏழைப் பெற்றோர் பலர் பிள்ளைகளை இப்பள்ளிகளுக்கு அனுப்ப மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கோவில்களின் அடித்தளங்களில் நெருக்கடியாகச் சில பங்குப் பள்ளிகள் நடந்தன. மற்றப் பிள்ளைகள் தெருவிலே நின்றார்கள்.

நகரசபையில் இரண்டு நாள்

1840 ஜனவரியில் மாநில கவர்னர் வில்லியம் சீவர்ட் சட்டசபைக்கு ஒரு செய்தி அனுப்பினார். அவர் கத்தோலிக்கரல்லர். குடியேறிய மக்களின் பிள்ளைகள், தங்கள் மொழி பேசி, தங்கள் விசுவாசத்தைப் பின்பற்றும் உபாத்தியாயரிடம் படிக்க வழி செய்யவேண்டும் என்று அவர் யோசனை கூறினார். கத்தோலிக்கர் பள்ளிப் பணத்தில் தங்கள் பங்கைக் கேட்டு நகரசபைக்கு விண்ணப்பம் செய்தார்கள். ஐரோப்பா போயிருந்த ஹியூஸ் ஆண்டகை ஜூலையில் திரும்பி வந்து வழக்கைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

1840 அக்டோபர் 29, 30 தேதிகளில் நகரசபை மண்டபத்தில் வாதம் நடந்தது. எதிர்ப்பக்கத்தில் சங்கத்தின் சார்பில் பெயர்பெற்ற இரண்டு வழக்கறிஞர். மறுநாள் பல சபைகளின் போதகர்கள். கத்தோலிக்கர் பக்கத்தில் பேசியவர் ஹியூஸ் ஆண்டகை ஒருவரே. முதல் நாள் அவர் சுமார் மூன்று மணி நேரம் பேசினார்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். எந்தச் சபைக்கும் சேராத பொதுப் பக்தி என்கிறீர்களே, அந்தப் பொதுவை வகுத்தவர் யார்? ஒவ்வொரு சபைக்கும் உரியதை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒருவருக்கும் உரியதல்லாத ஒரு புது மதமே. விளக்கமில்லாமல் வேதாகமத்தைக் கையில் கொடுப்பது நடுநிலைமை என்கிறீர்கள். ஆனால், ஒவ்வொருவனும் தானே வாசித்துத் தானே பொருள் காணட்டும் என்பது ஒரு சபையின் கோட்பாடு அல்லவா? அதைச் சிறு பிள்ளைகளுக்குப் பழக்கமாக்குவது எப்படி நடுநிலைமையாகும்? எங்கள் வரியை வாங்குகிறீர்கள். எங்கள் மனச்சாட்சியை விலையாகக் கேட்காதீர்கள். சர்க்கார் எங்கள் பள்ளிகளைக் கண்காணிக்கட்டும். ஞானோபதேசத்தைப் பள்ளி நேரத்துக்குப் புறம்பே வைத்துக்கொள்ளுகிறோம்.

இந்தக் கடைசி வாக்குறுதியைக் கவனியுங்கள். பொதுப்பணத்தில் விசுவாசத்தைப் புகட்டவேண்டுமென்று அவர் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் விசுவாசத்தைப் பொதுப்பணத்தில் கரைக்காதிருங்கள் என்றுதான் கேட்டார். வேறு இருவரும் விண்ணப்பம் செய்தார்கள்: ஸ்காட்லாந்துக் குடிகளின் பிரஸ்பித்தேரியன் சபை ஒன்றும், யூதர்களின் செபக்கூடம் ஒன்றும். கத்தோலிக்கருக்குப் பங்கு கிடைக்குமானால் தங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

எதிர்த்துப் பேசிய போதகர்களில் ஒருவர், கத்தோலிக்கப் போதனையா நாஸ்திகமா என்று தேர்ந்துகொள்ள நேர்ந்தால் தாம் நாஸ்திகத்தையே தேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். பொதுப் பக்தி என்னும் பேச்சுக்குள்ளே என்ன இருந்தது என்பதை ஹியூஸ் ஆண்டகையின் வாதத்தைவிட இந்த வார்த்தை தெளிவாகக் காட்டிவிட்டது. சங்கத்தார் பாடப் புத்தகங்களிலிருந்த இழிவான வரிகளை மையால் மறைத்தார்கள். 1841 ஜனவரியில் நகரசபை விண்ணப்பத்தைத் தள்ளிற்று.

அரை வெற்றி

ஆண்டகை சோர்ந்துபோகவில்லை. வழக்கு மாநிலச் சட்டசபைக்குப் போயிற்று. 1841 அக்டோபர் 29-ந் தேதி, தேர்தலுக்குச் சில நாட்களே இருக்க, காரல் மண்டபத்தில் கத்தோலிக்கர் கூட்டம் ஒன்று கூடிற்று. அங்கே ஹியூஸ் ஆண்டகை வேட்பாளர் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். மேற்றிராணியார் அரசியலில் இறங்கலாமா என்ற கூச்சல் எங்கும் எழுந்தது. கத்தோலிக்கரிலும் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குக் கிடைத்த சுமார் 2,200 வாக்குகள், கத்தோலிக்கரைத் தள்ளிவிட்டு எந்தக் கட்சியும் சுலபமாக வெல்லமுடியாது என்று காட்டின.

1842 ஏப்ரலில் மக்ளே சட்டம் நிறைவேறிற்று. சீவர்ட் கவர்னர் கையெழுத்திட்டார். பள்ளிகளை நடத்தும் பொறுப்பு பொதுமக்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகளிடம் வந்தது. பொதுப் பள்ளிச் சங்கத்தின் தனியாட்சி உடைந்தது. 1853-ல் அச்சங்கமே கலைந்தது. ஆனால் எந்தச் சபையின் போதனையைக் கற்பிக்கும் பள்ளிக்கும் பணமில்லை என்றும் அதே சட்டம் சொல்லிற்று. ஆகவே கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஒரு காசும் வரவில்லை. விளக்கமில்லாத வேதாகம வாசிப்பு சமயப் போதனையாகாது என்ற எண்ணமோ நிலைத்து நின்றுவிட்டது.

இந்த அரை வெற்றியைக்கூடச் சிலர் பொறுக்கவில்லை. ஏப்ரல் 12-ந் தேதி இரவு ஒரு கும்பல் அர்ச். பாட்ரிக் தேவாலயத்தைச் சூழ்ந்தது. மேற்றிராணியார் வீட்டுச் சன்னல்கள் நொறுங்கின. கோவிலைக் காக்கப் பட்டாளம் வரவேண்டியதாயிற்று.

பிலடெல்பியாவில் எரிந்த கோவில்கள்

பிலடெல்பியாவில் காரியம் இன்னும் கொடிதாயிற்று. அங்கே மேற்றிராணியாராயிருந்த பிரான்சிஸ் கென்றிக் ஆண்டகை சாந்த குணமுள்ள பண்டிதர். வேதாகமத்தை ஆங்கிலத்தில் திருத்தி மொழிபெயர்ப்பதில் பல ஆண்டுகள் உழைத்தவர். 1842 நவம்பரில் அவர் பள்ளி அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் வேதாகமத்தையே வாசிக்கவும், மற்றச் சபையின் செபங்களிலிருந்து விலகி நிற்கவும் அனுமதி வேண்டும் என்பதே அவர் கேட்டது. அதிகாரிகளும் 1843 ஜனவரியில் ஓரளவு இணங்கினார்கள். ஆனால் பாப்பரசரைச் சேர்ந்தவர்கள் வேதாகமத்தைப் பள்ளியிலிருந்து துரத்தப் பார்க்கிறார்கள் என்ற வதந்தி ஊரெங்கும் பரவிற்று. வேதாகமத்துக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்மேல் அந்தப் பழி!

1844 மே மாதம் கலகம் மூண்டது. வீடுகள் எரிந்தன, இரு பக்கத்திலும் உயிர்கள் போயின. மே 8-ந் தேதி அர்ச். மிக்கேல் கோவிலும் அர்ச். அகுஸ்தீனார் கோவிலும் சாம்பலாயின. அகுஸ்தீனார் சபைக் குருக்கள் சேர்த்துவைத்திருந்த அருமையான நூலகமும் நெருப்புக்கு இரையாயிற்று. வேதாகமத்தின் பெயரால் எழுந்த கலகம் வேதாகமத்தை வாசித்த பீடங்களையே எரித்தது. கென்றிக் ஆண்டகை பழிவாங்க ஒருவரையும் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில்களை மூடச்சொல்லி, மக்களை அமைதியாயிருக்கக் கேட்டுக்கொண்டார்.

அதே கும்பல் நியூயார்க்கிலும் கூட இருந்தது. ஹியூஸ் ஆண்டகையின் சுபாவம் வேறு. கோவில்களைச் சுற்றி ஆயுதந்தாங்கிய காவலரை நிறுத்தினார். நகரத்தின் அதிகாரிகளிடம் போய், ஒரு கோவிலுக்குத் தீங்கு வந்தால் விளைவு பயங்கரமாயிருக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கூடவிருந்த கூட்டம் நின்றுபோயிற்று. நியூயார்க்கில் ஒரு கோவிலும் எரியவில்லை. இருவரில் யார் செய்தது சரியென்று இன்றும் வாதிப்பவருண்டு. நியூயார்க் தப்பியதற்காக நன்றி சொல்லலாம். பிலடெல்பியாவின் பொறுமையை மறக்கவும் கூடாது.

இந்தச் சச்சரவு அந்த ஆண்டோடு தீரவில்லை. 1859-ல் பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் கத்தோலிக்கச் சிறுவன் ஒருவன் பத்துக் கற்பனைகளை மற்றச் சபையார் முறைப்படி சொல்ல மறுத்தான். உபாத்தியாயர் பிரம்பால் அவன் கைகளில் அரை மணி நேரம் அடித்தார். வழக்கு நீதிமன்றம் போயிற்று; உபாத்தியாயர் விடுதலையானார். சொல்லவேண்டிய வார்த்தைகள் மோயீசன் பெற்ற கற்பனைகள்தாம். யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பிள்ளையின் கைகளுக்கு அது வெறும் இலக்கியப் பாடமாயிருக்கவில்லை.

பள்ளி கட்டிய மேற்றிராணியார்

பணம் வராதென்று உறுதியானதும் ஹியூஸ் ஆண்டகை வேறு வழி பார்த்தார். இனிமேல் கோவில் கட்டுமுன் பள்ளி கட்டுங்கள் என்பது அவருடைய கட்டளையாயிற்று. 1841-ல் போர்டாமில் அர்ச். அருளப்பர் கல்லூரியைத் திறந்தார். 1846-ல் அதைச் சேசுசபைக் குருக்களிடம் ஒப்படைத்தார். திரு இருதயக் கன்னியரும், இரக்கத்தின் கன்னியரும், கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரரும் அவர் காலத்தில் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். இப்பள்ளிகளை நிறுத்தியது செல்வந்தர் பணமன்று. கப்பல்துறைக் கூலிகளும், வீட்டு வேலைக்காரப் பெண்களும், செங்கல் சுமந்தவர்களும் ஞாயிறு பூசையில் போட்ட செம்புக்காசுகள் அவற்றைக் கட்டின. பள்ளி வரியும் கட்டி, பங்குப் பள்ளிக்கும் கொடுத்தார்கள்.

1850-ல் பாப்பரசர் 9-ம் பத்திநாதர் நியூயார்க்கை அதிமேற்றிராசனமாக உயர்த்தினார். 1858 ஆகஸ்ட் 15-ந் தேதி, தேவமாதா மோட்சாரோபனத் திருநாளன்று, ஐந்தாம் நிழற்சாலையில் புதிய அர்ச். பாட்ரிக் தேவாலயத்துக்கு ஹியூஸ் ஆண்டகை அடிக்கல் நாட்டினார். நகரத்துக்கு வெகு தொலைவில் கட்டுகிறாரென்று அன்று பலர் சிரித்தார்கள். இன்று அது நகரத்தின் நடுவில் நிற்கிறது.

அவரிடம் குறைகளும் இருந்தன. முன்கோபி, தம் சொல்லுக்கு மறுசொல் பொறாதவர். கையெழுத்துக்கு முன் அவர் இடும் சிலுவைக் குறி கட்டாரியைப்போல் தோன்றியதால் பகைவர் அவரைக் கட்டாரி ஜான் என்று அழைத்தார்கள். கறுப்பு மக்களின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களோடு அவர் சேரவில்லை. தம் மக்களின் மனச்சாட்சிக்காக அப்படிப் போராடியவர் அவர்களுக்காகவும் குரல் கொடுத்திருக்கக் கூடாதா என்று வரலாறு கேட்கிறது. அது நியாயமான கேள்வியே. 1863 ஜூலையில் பட்டாளத்துக்கு ஆளெடுப்பதை எதிர்த்து நியூயார்க்கில் பெருங்கலகம் நடந்து, கறுப்பு மக்கள் பலர் கொல்லப்பட்டபோது, நோயுற்றிருந்த ஆண்டகை தம் வீட்டு மாடத்திலிருந்து கூட்டத்தை நோக்கி அமைதியாக வீடு திரும்பும்படி மன்றாடினார். 1864 ஜனவரி 3-ந் தேதி அவர் மரித்தார். அவர் தொடங்கிய தேவாலயம் 1879-ல் திறக்கப்பட்டது; 1883-ல் அவர் உடல் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது.

நூறு ஆண்டுக்குப் பிறகு

அவர் மரித்து ஏறக்குறைய நூறு ஆண்டு சென்று அவர் எழுப்பிய கேள்வி மறுபடியும் எழுந்தது. கோவில்கள் எரிந்த பிலடெல்பியாவுக்கு அருகேயுள்ள அபிங்டன் என்னும் ஊரிலிருந்து அந்த வழக்கு வந்தது. பள்ளி தொடங்கும்போது தினமும் வேதாகமத்தில் பத்து வசனங்களை விளக்கமின்றி வாசிக்கவேண்டும் என்பது 1913 முதல் பென்சில்வேனியாச் சட்டம். வாசிக்கும் மாணவர் எந்த மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொள்ளலாம்; டூவே பிரதியும் வாசிக்கப்பட்டதுண்டு. 1963 ஜூன் 17-ந் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. விளக்கமில்லாவிட்டாலும் அது வழிபாடே, சர்க்கார் பள்ளியில் அதை நடத்தக்கூடாது என்று எட்டு நீதிபதிகள் முடிவு செய்தார்கள்; ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதே தீர்ப்பு, வேதாகமத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் நடுநிலையோடு பாடத்தில் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொல்லிற்று.

விளக்கமில்லாத வாசிப்பும் விசுவாசச் செயலே என்று 1840-ல் ஹியூஸ் ஆண்டகை சொன்னதை அன்று நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் கத்தோலிக்கர் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. அதற்கு முந்தின ஆண்டு, சர்க்கார் இயற்றிய செபம் ஒன்றைப் பள்ளிகளில் சொல்லக்கூடாதென்று தீர்ப்பானபோது, ஹியூஸ் ஆண்டகையின் ஆசனத்தில் வீற்றிருந்த கர்தினால் ஸ்பெல்மன் மிகவும் வருந்தினார். சர்வேசுரனுடைய பெயரே பள்ளியிலிருந்து போய்விடுமோ என்ற அச்சம் வீணானதென்று சொல்லிவிட முடியாது. வாதம் இன்னும் ஓயவில்லை. 2024 நவம்பரில் டெக்ஸாஸ் மாநிலக் கல்வி வாரியம் வேதாகமக் கதைகள் சேர்ந்த தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றை, விரும்பும் பள்ளிகள் ஏற்கலாமென்று அங்கீகரித்தது. அது இலக்கியமா போதனையா என்று அங்கே சண்டை நடந்தது.

நாம் கற்கவேண்டியது

அன்பர்களே, இந்தச் சரிதையிலிருந்து நாம் என்ன கற்கிறோம்?

தகப்பன் எழுதிய கடிதம் ஒன்று அயலான் கையில் கிடைத்தால் அவன் எழுத்தின் அழகைப் பார்ப்பான். சொல்லின் நயத்தைப் பார்ப்பான். அதில் தவறில்லை. அதே கடிதம் மகன் கையில் கிடைத்தால் அவன் தகப்பனையே பார்ப்பான். வேதாகமமும் அப்படியே. சங்கீதங்களின் அழகையும், யோபு ஆகமத்தின் ஆழத்தையும், ஊதாரிப் பிள்ளை உவமையின் நயத்தையும் ஒரு பள்ளி இலக்கியமாகக் கற்பிக்குமானால் நாம் சந்தோஷப்படலாம், அது கற்றறிவு. ஆனால் அது விசுவாசமாகிவிடாது. பள்ளி தான் செய்வது எதுவென்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். இலக்கியம் என்று பெயர் வைத்து ஒரு சபையின் போதனையை நுழைப்பதும், விசுவாசம் என்று பெயர் வைத்து வெறும் வார்த்தைகளை மனனம் செய்விப்பதும், இரண்டும் பிள்ளையை ஏமாற்றுவதே.

இரண்டாவது, விசுவாசத்தைக் கொடுக்கவேண்டியவர் யார்? பிள்ளைகளின் முதல் உபாத்தியாயர் பெற்றோரே என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நமக்கு நினைவூட்டிற்று. அந்த ஏழைக் கூலிகள் அதைப் பொதுச்சங்கம் சொல்லுமுன்னே செய்து காட்டினார்கள். நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டோம், ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பிவிட்டோம், இனி நமக்கு வேலையில்லை என்று நாம் இருந்துவிட்டால், எந்தச் சட்டமும் எந்தப் பாடத்திட்டமும் நம் பிள்ளைகளின் விசுவாசத்தைக் காப்பாற்றாது. மாலையில் செபமாலை முடிந்ததும் அந்த வாரத்துச் சுவிசேஷத்தைப் பத்து நிமிஷம் வாசியுங்கள். மூத்த பிள்ளை வாசிக்கட்டும். தகப்பனாரோ தாயாரோ இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பண்டிதராக வேண்டியதில்லை, நீங்கள் அதை விசுவசிக்கிறீர்கள் என்பதைப் பிள்ளை கண்டால் போதும்.

மூன்றாவது, இது நம்மைக் கொஞ்சம் சுடும். நியூயார்க்கில் ஹியூஸ் ஆண்டகை கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கேட்ட அதே மரியாதை, நம்முடைய பள்ளிகளில் வந்து படிக்கும் பிற சமயப் பிள்ளைக்கும் உரியது. அவன் பெற்றோர் நம்மை நம்பி அவனை அனுப்புகிறார்கள். அவனுக்கு நல்லொழுக்கம் கற்றுக்கொடுப்போம். நம்முடைய அன்பைக் காட்டுவோம். அவன் மனச்சாட்சியின் வாசலில் மட்டும் நாம் நின்றுவிட வேண்டும். பாஸ்டன் சிறுவனுடைய கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வலித்தது மற்றவருக்கும் வலிக்கும்.

கல்லறை வாசலில் மந்திரித்த மண்ணைக் கண்டு வளர்ந்த தோட்டக்காரர், கோவிலுக்கு முன் பள்ளியைக் கட்டச்சொன்ன மேற்றிராணியார், ஜான் ஹியூஸ் ஆண்டகையின் ஆத்துமத்துக்குச் சர்வேசுரன் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள்வாராக. நம் வீடுகளில் வேதாகமம் அலமாரியில் தூசி படிந்து கிடக்காமல், திறந்த புத்தகமாய் இருக்கும்படி அவர் நமக்காக மன்றாடுவாராக.